பயன்படுத்திய மின்கிதார்: வாங்குவதும் மேம்படுத்துவதும்

திண்டுக்கல் வட்டாரத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிக்க விழையும் இளைஞர், குறைந்த செலவில் மின்கிதார் பெறப் பிறர் பயன்படுத்திய கருவியை நாடுவது தக்க வழியே. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தைப் பின்பற்றும் கருவிகளுக்கு உதிரிபாகங்கள் எளிதில் கிடைப்பதால், அவ்வகை விரும்பத்தக்கது.

வாங்குமுன் ஆராய வேண்டியது கழுத்துப் பகுதியாகும். விரல்பலகையில் வீணையின் மெட்டுகளைப் போல் பதிந்துள்ள உலோகக் கம்பிகளுள் முதலாவதிலும் கடைசியிலும் தந்தியை ஒருசேர அழுத்தினால், ஏழாம் மெட்டருகே ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர், அதாவது ஒரு முகவரி அட்டையின் தடிமன் அளவுக்கு, இடைவெளி இருத்தல் நலம். கோடை வறட்சியிலும் ஐப்பசி ஈரத்திலும் மரம் வளைந்து இது மாறக்கூடும் எனினும், கழுத்தினுள் ஓடும் 'ட்ரஸ் ராட்' என்னும் எஃகுக் கம்பியைச் சிறிது திருகிச் சீராக்கலாம். அக்கம்பி இறுகிப்போன கருவியையும், மெட்டுகள் பள்ளம் விழத் தேய்ந்த கருவியையும் தவிர்ப்பதே நன்று.

மேம்படுத்துகையில் புதிய தந்திகளுக்கே முதலிடம் தர வேண்டும். அதன்பின், 12ஆம் மெட்டில் எழும் ஒலி, அழுத்தாத தந்தியின் ஒலியைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்குமாறு தந்தி தாங்கிகளை நகர்த்தத் திருப்புளி ஒன்றே போதும். காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருளான 'பிக்கப்', தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றி ஒலியின் இயல்பைப் பெரிதும் தீர்மானிப்பதாயினும், கழுத்துச் செம்மையான கருவிக்கு மட்டுமே அதனை மாற்றும் செலவு தகும்.