பத்து நாள் சந்தையும் ஐந்து மாதத் தறியும்

ஓண விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய அன்று, என் அறைத்தோழர் என் பெட்டியிலிருந்த கசவுப் புடவை ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதில் தொங்கிய விலைச்சீட்டைப் படித்தார். "வெறும் வெள்ளைத் துணி. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் சரிகை. இதற்கா இந்த விலை?" என்றார்.

அவர் கேட்டதில் குற்றமில்லை. நெசவாளர் வீட்டில் பிறந்த நானே அந்தக் கணக்கில் ஒருமுறை தவறியவன். ஆகவே அவருக்கு அன்று இரண்டு சொல்லில் விடை சொல்ல முடியவில்லை. நம் மன்றத்தின் இதழ் சில பக்கங்கள் தந்ததால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எங்கள் பக்கம் கேரளத்தில் அமைந்தது. ஆயினும் வீட்டுப் பேச்சும் தறிச் சொல்லும் தமிழாகவே நின்றன. நூல் கோவையிலிருந்து வருகிறது. துணி மலையாள வீடுகளுக்குப் போகிறது. இடையில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் பக்கத்துத் தறிகளுக்கெல்லாம் மூத்த உறவு என்று சொல்லத்தக்கது குத்தாம்புள்ளி. பாரதப்புழையில் காயத்ரிப்புழை கலக்கும் இடத்தில், திருச்சூர் மாவட்டத்து எல்லையில் உள்ள நெசவூர் அது. கொச்சி அரண்மனைக்குத் துணி நெய்வதற்காக அரசர்கள் மைசூர்ப் பக்கத்திலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய தேவாங்கர்களின் வழிவந்தோர் அங்கே நெய்கிறார்கள். அவ்வூர்ப் புடவைக்கு 2011-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தத் தறிகள் எல்லாம் நம்பியிருப்பது ஓணத்தை. ஆண்டு முழுதும் நெய்தாலும், விற்பது பெரும்பாலும் திருவோணத்துக்கு முந்திய பத்துப் பதினைந்து நாளில்தான். அந்நாளும் ஓரிடத்தில் நில்லாது. 2021-இல் ஆகஸ்ட் 21 அன்று வந்த திருவோணம் 2024-இல் செப்டம்பர் 15 அன்று வந்தது. ஆகவே என் தந்தையார் புத்தாண்டுப் பஞ்சாங்கம் வாங்கியதும் முதலில் தேடுவது அந்த நாளைத்தான். அதிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சித்திரையிலேயே நூல் வாங்கிவிடுவார். பத்து நாள் சந்தைக்கு ஏறத்தாழ ஐந்து மாத வேலை.

முதலில் நூலைப் பற்றி ஒரு சொல். கசவுப் புடவைக்கு 100-ஆம் நம்பர் நூல் வேண்டும். அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 100 சிட்டம் என்றால் 84,000 கெஜம்; அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர். ஒரு பவுண்டு நூலின் ஒரு முனையைப் பாலக்காட்டில் பிடித்துக்கொண்டு நடந்தால், மறுமுனை கோவையையும் தாண்டிப் போகும்.

இப்போது புடவையைப் பாருங்கள். அகலம் 50 அங்குலம், அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொண்டால் பாவில் 4,000 இழை. ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு அது 22 கிலோமீட்டர் நூல். ஊடையும் அதே நெருக்கம் என்றால் நாடா 17,000 தடவைக்கு மேல் இப்புறமும் அப்புறமும் ஓட வேண்டும்; அதற்கும் 22 கிலோமீட்டர். ஆக என் தோழர் கையில் தூக்கிப் பார்த்த "வெறும் வெள்ளைத் துணி"யில் 44 கிலோமீட்டர் நூல் இருக்கிறது. சரிகையை நீக்கினால் அதன் எடை கால் கிலோவுக்குச் சற்று மேல்தான்!

வேலை தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. பஞ்சின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பசை உண்டு. அது போகாவிட்டால் கஞ்சி ஒட்டாது. ஆதலால் நூல் சிட்டங்களைத் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, காலால் மிதித்துக் கசக்குவார்கள். பிறகு உலர்த்தி, ராட்டையில் சுற்றி, பாவு ஓட்டுவார்கள். வெளுப்பதும் இல்லை, சாயமும் இல்லை. பஞ்சின் இயல்பான பால்நிறமே இந்தத் துணியின் நிறம். அதைக் கோடி நிறம் என்பார்கள்.

அடுத்தது பாவுக்குக் கஞ்சி போடுவது. இது வீட்டுக்குள் நடக்கும் வேலை அன்று; தெருவே வேண்டும். விடியுமுன்னர் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பாவை இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியில் சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்துத் தடவி, நார்த் தூரிகையால் மேலும் கீழும் நீவிக்கொண்டே போவார்கள். இழையோடு இழை ஒட்டக் கூடாது. காய்வதற்குள் நீவி முடிக்க வேண்டும். என் பாட்டி முதல் பள்ளிக்குப் போகும் தம்பி வரை எல்லோருக்கும் அதில் வேலை உண்டு.

இங்கேதான் காலம் எங்களோடு விளையாடுகிறது. ஓணத்துக்கான பாவு விரிய வேண்டிய ஆனியும் ஆடியும் தென்மேற்குப் பருவமழை பொழியும் மாதங்கள். தெருவில் மழை எங்களுக்குப் பகை. தறியிலோ அதே மழை நண்பன்! பருத்தி இழைக்கு ஈரம் பட்டால் வலு கூடும். வறண்ட காற்றில் இழை அறுந்துகொண்டே இருக்கும். குழித்தறி அமைத்ததற்கும் அது ஒரு காரணம்: மண்ணின் ஈரம் கீழிருந்து பாவைக் காக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று வீசும் மாதங்களில் நெய்தவர்க்கு மழைக்காலத் தறியின் அருமை தெரியும்.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஆடியில் ஒருநாள், வானம் தெளிந்திருக்கிறது என்று பாவை விரித்தோம். பாதி நீவும்போதே மழை கொட்டியது. ஈரத்தோடு சுருட்டி எடுத்தோம். இரண்டு நாள் வெயிலே இல்லை. நெய்த பிறகு பார்த்தால் துணியெங்கும் சாம்பல் நிறப் புள்ளிகள் பூத்திருந்தன. மடிப்புக்குள் மறைத்து விற்றுவிடலாமே என்று நான் சொன்னேன். தந்தையார், "வானத்தை நம்பினது என் தப்பு. அதுக்கு வாங்குறவங்க ஏன் காசு கொடுக்கணும்?" என்றார். ஆறு புடவைக்கான பாவும் வீட்டுத் துண்டுகளாயின. சந்தைக்குப் போகும் சரக்கைத் தயாரிப்பதில் முதல் பாடம் எதுவென்று கேட்டால், எதை எடுத்துப் போகக் கூடாது என்று அறிவதே என்பேன்.

எங்களுக்கு நேர்ந்தது சிறு துளி. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 26 ஆண்டுகளாகத் திறக்காத இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையை ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். அடுத்த வாரம் மழை உச்சத்துக்குப் போக, பெரியாறு கரைபுரண்டு எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்து நெசவுத் தெருக்களுக்குள் புகுந்தது. திருவோணம் ஆகஸ்ட் 25. விற்பனைக்கு மடித்து வைத்த புடவைகள் சேற்றில் மூழ்கின, தறிகளும் கெட்டன. ஒரு பருவத்துச் சந்தையை நம்பி ஆண்டு முழுதும் உழைப்பதன் ஆபத்து அன்று எல்லோர்க்கும் புரிந்தது. ஆனால் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சேறு படிந்த புடவைகளைத் துவைத்து, துண்டாக்கி, 'சேக்குட்டி' என்னும் சிறு பொம்மைகள் செய்தார்கள். ஒரு புடவையில் 360 பொம்மை. பொம்மை ஒன்று 25 ரூபாய். புடவைக்குக் கிடைத்திருக்கக் கூடியதைவிட அது பல மடங்கு அதிகம்.

சேந்தமங்கலத்தின் அந்தச் செயல் எங்களுக்கும் ஒரு வழி காட்டியது. இப்போது மிஞ்சும் துணித் துண்டுகளில் கைக்குட்டை, கைப்பை, புத்தக உறை என்று என் தங்கை தைக்கிறாள். புடவை வாங்க இயலாதவரும் ஏதேனும் ஒன்று வாங்கிப் போகலாம்.

நிறம் வேண்டுவோர்க்கு இடுக்கி மலையில் வேறொரு வழி இருக்கிறது. மூணாற்றில் 'சிருஷ்டி' நல அமைப்பைச் சார்ந்த 'ஆரண்யா' என்னும் இயற்கைச் சாயப் பட்டறையில், தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். யூக்கலிப்டஸ் இலையும் தேயிலைக் கழிவும் அங்கே சாயப் பொருள்கள். பருத்தி எளிதில் சாயம் பிடிக்காது. முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் நனைத்து, பிறகு படிகாரம் ஏற்றினால்தான் நிறம் நிற்கும். அங்கும் கண்ணுக்குத் தெரியாத முன்வேலையே பெரிது.

இனி விலைக்கு வருகிறேன். நான் தவறியது இதில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக ஓணச் சந்தையில் நாங்களே கடை போட்டோம். படித்தவன் என்பதால் விலை குறிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நூல் விலை, சூரத்திலிருந்து வரும் சரிகை விலை, தந்தையார் தறியில் இருந்த நாட்களுக்குக் கூலி, மேலே சிறிது ஆதாயம். இவ்வளவே என் கணக்கு. மூன்றே நாளில் எல்லாம் விற்றன. பெருமிதத்தோடு வீட்டுக்கு வந்து பணத்தை எண்ணினேன். என் தாயார் எண்ணி முடிக்கும் வரை பொறுத்திருந்து, "என் ராட்டைக்கு எவ்வளவு வெச்சே?" என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். அன்றிரவு தாளை எடுத்து, ஆறு புடவைக்கான ஒரு பாவுக்கு எங்கள் வீட்டில் ஆகும் நேரத்தை எழுதினேன். தந்தையார் தறியில் இருப்பது பன்னிரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி. 96 மணி நேரம். தறிக்கு வெளியே? பாவு நூல் சுற்ற 28 மணி. பாவு ஓட்ட 4. தெருவில் ஆறு பேர் நான்கு மணி நேரம், ஆக 24. பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் 4,000 இழைகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க 5. ஊடைக்குத் தார் சுற்ற 30. கூட்டினால் 91 மணி நேரம்! தறியில் ஒருவர் உழைத்த அளவுக்கு ஏறக்குறையச் சமமான உழைப்பு தறிக்கு வெளியே நடந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி என் தாயாரும் பாட்டியும் செய்தது. அதற்கு நான் வைத்த கூலி ஒரு காசும் இல்லை.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உள்ளனர்; அவர்களுள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். நெசவாளர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவதோ தறியில் அமர்ந்த ஓர் ஆண்மகன்!

மறு ஆண்டு விலையை மாற்றினோம். விலைச்சீட்டில் நூலின் நம்பர், சரிகையின் தரம், நெய்த நாள், தறிக்கு வெளியே ஆன மணி எல்லாவற்றையும் எழுதினோம். கடையில் ஒரு ராட்டையை வைத்துத் தாயாரே அமர்ந்து தார் சுற்றினார். பேரம் பேச வந்த பெண்கள் பலர் ராட்டையைப் பார்த்ததும் பேச்சை மாற்றினர். எல்லோரும் வாங்கினர் என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் விசைத்தறிப் புடவை பாதி விலைக்குக் கிடைக்கும்போது சிலர் அங்கேதான் போவர். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறது. உண்மைக் கைத்தறியை அறிய 2006 முதல் கைத்தறி முத்திரையும் இருக்கிறது. ஆயினும் சட்டமும் முத்திரையும், வாங்குபவர் கேட்டால்தான் உயிர் பெறும்.

முந்திய ஆண்டு மூன்று நாளில் தீர்ந்த சரக்கு, அவ்வாண்டு பத்து நாளும் நின்றுதான் விற்றது. ஆனால் விற்ற பணத்தில் முதன்முறையாகத் தாயார் பெயருக்கும் பாட்டி பெயருக்கும் ஒரு பங்கு பிரிந்தது. பாட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நூல் சுத்துறதுக்கும் கூலியா?" என்று சிரித்தார். அன்றுமுதல் அவர் தம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இவ்வாண்டு மூன்று புடவைகள் விற்காமல் திரும்பின. அவற்றுள் ஒன்றைத்தான் என் தோழர் அன்று கையில் எடுத்தார். நண்பர்களே, அடுத்த ஓணத்துக்கோ பொங்கலுக்கோ ஏதேனும் ஒரு சந்தையில் கைத்தறிக் கடையின் முன் நிற்பீர்கள். விலை அதிகம் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இதற்குத் தார் சுற்றியவர் யார்?" விடை சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.