வெண்ணெய் வியாபாரி கட்டிய கண்ணாடி வீடுகள்

ஜோசப் ஐக்லருக்கும் கட்டடத் தொழிலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1900இல் நியூயார்க்கில் பிறந்தவர். மனைவி வீட்டாரின் வெண்ணெய், முட்டை மொத்த வியாபாரத்தில் நடுவயதுவரை இருந்தார். 1940களில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹில்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குக் குடிபோனார். பேசட் என்ற குடும்பத்துக்காக ஃப்ராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த வீடு அது: செம்மரப் பலகை, செங்கல், தாழ்ந்த கூரை, தோட்டத்தைப் பார்த்த கண்ணாடி. வாடகைக் காலம் முடிந்தது. அப்படிப்பட்ட வீட்டின் மேல் வந்த ஆசை முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கிவிட்டார். அவருடைய நிறுவனம் கட்டியவை சுமார் 11,000 வீடுகள். மூன்றே மூன்று தவிர எல்லாம் கலிபோர்னியாவில். ரைட்டை அமர்த்தி வீடு கட்ட வசதியில்லாத குடும்பத்துக்கும் அந்த வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

இந்த வீடுகள் ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ எனப்படும் பாணியைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1960களின் பிற்பகுதிவரை அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில் செழித்த பாணி. பெயர் கட்டியவர்கள் வைத்ததல்ல. காரா கிரீன்பெர்க் 1984இல் அந்தக் கால மேசை நாற்காலிகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் பரவியது. வீட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே தளம். தட்டையான, அல்லது லேசாகச் சரிந்த கூரை. நீண்டு வெளியே வரும் இறவாணம். தோட்டப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. தெருப் பக்கம் ஏறக்குறைய வெறும் சுவர்.

இந்தத் தோற்றத்தை ரசனையின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. கூரையின் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான வீட்டில் பாரத்தைச் சுவர் தாங்குகிறது. அதனால் சுவரில் பெரிய திறப்பு வைக்கத் தயங்க வேண்டும். நினைத்த இடத்தில் சுவரை எடுக்கவும் முடியாது. இங்கே சில அடிக்கு ஒரு தூண், தூணின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் பலகைக் கூரை. பாரம் தூணோடு போய்விடுகிறது. சுவருக்கு மறைப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்தச் சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வைக்கலாம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பதை எடுத்தே விடலாம். உத்தரத்தைப் பொய்க்கூரை போட்டு மறைப்பதுமில்லை. அறையின் தலைக்கு மேலே தொடங்கி, கண்ணாடியைக் கடந்து, இறவாணத்தின் விளிம்புவரை அது நேராக ஓடுவது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். கண்ணும் அதோடு சேர்ந்து வெளியே போகிறது. சிறிய வீடு பெரிதாகத் தோன்றும் வித்தை இவ்வளவுதான்.

யோசனை போருக்கு முந்தியது. வியன்னாவிலிருந்து வந்த ருடால்ஃப் ஷிண்ட்லர் 1922இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் தனக்குக் கட்டிக்கொண்ட வீடும், அவருடைய நண்பர் ரிச்சர்ட் நாய்ட்ரா 1929இல் முடித்த லவல் வீடும் முன்னோடிகள். இருவருமே ரைட்டிடம் வேலை பார்த்தவர்கள். ரைட் தன் பங்குக்கு, விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளருக்கு 1937இல் ஒரு சிறிய வீட்டை 5,500 டாலரில் முடித்துக்கொடுத்தார். அவருடைய கட்டணமும் அதற்குள் அடக்கம். காருக்குக் கதவில்லாத கொட்டகை, அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் தரை என்று பிற்பாடு எல்லோரும் எடுத்துக்கொண்ட பல சங்கதிகள் அதில் இருந்தன. தரைச் சூட்டை ரைட் முதலில் உணர்ந்தது டோக்கியோவில், ஒரு ஜப்பானியப் பிரபுவின் மாளிகையில் இருந்த கொரிய அறையில். அடுப்பின் சூட்டைத் தரைக்கு அடியில் செலுத்தி அறையைக் கதகதப்பாக்கும் பழைய கொரிய முறை அது. அங்கிருந்து ரைட்டுக்கு, ரைட்டிடமிருந்து ஐக்லருக்கு. கலிபோர்னியாவின் புறநகரில் ஒரு குழந்தை வெறுங்காலோடு வெதுவெதுப்பான தரையில் ஓடியதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட பயணம் இருக்கிறது.

போர் நடக்காவிட்டால் இதெல்லாம் வசதி படைத்த சிலரின் விநோதமாகவே நின்றிருக்கும். லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். குடியிருக்க வீடு போதவில்லை. 1944இல் வந்த சட்டம் அவர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கொடுத்தது. போருக்காகப் பெருகிய ப்ளைவுட், அலுமினியம், புதிய பசை வகைகள் எல்லாம் வேறு வேலை தேடின. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ப்ளைவுட்டை வளைத்துக் கடற்படைக்குக் கால்முறிவுச் சிம்புகள் செய்துகொடுத்தவர்கள். போருக்குப் பின் அதே உத்தி அவர்களுடைய புகழ்பெற்ற நாற்காலிகளானது.

லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ இதழை நடத்திவந்த ஜான் என்டென்ஸா, 1945 ஜனவரியில் ஒரு திட்டத்தை அறிவித்தார். நல்ல கட்டடக் கலைஞர்கள் தொழிற்சாலைப் பொருள்களைக் கொண்டு மாதிரி வீடுகள் வடிவமைப்பார்கள். கட்டிய வீட்டைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம். ‘கேஸ் ஸ்டடி’ வீடுகள் என்ற அந்தத் திட்டம் 1966வரை ஓடியது. 36 வடிவங்கள் வெளியாயின; கட்டப்பட்டவை இருபத்துச் சொச்சம்.

அதில் எட்டாம் எண் வீடு ஈம்ஸ் தம்பதி தங்களுக்கே கட்டிக்கொண்டது. பசிபிக் பாலிசேட்ஸில், கடலைப் பார்த்த புல்வெளியின் குறுக்கே பாலம்போல நிற்கும் வீடுதான் முதலில் போட்ட திட்டம். போருக்குப் பிந்திய தட்டுப்பாட்டால் ஸ்டீல் வந்துசேர நாளாயிற்று. காத்திருந்த காலத்தில் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அதன் மேல் வீடு கட்ட மனம் வரவில்லை. வந்த ஸ்டீலைக் கொண்டே வேறு வீடு வரைந்து, யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் மேட்டை ஒட்டித் தள்ளிக் கட்டினார்கள். 1949இல் முடிந்தது. இந்தப் பாணியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒதுங்கல்தான்.

உலகம் அறிந்தது என்னவோ 22ஆம் எண்ணைத்தான். பக் ஸ்டால் என்பவர் 1954இல், ஹாலிவுட் குன்றின் விளிம்பில், யாரும் கட்டத் துணியாத ஒரு துண்டு நிலத்தை 13,500 டாலருக்கு வாங்கினார். பியர் கோனிக் அதன் மேல் ஸ்டீலும் கண்ணாடியுமாக ஒரு வீட்டை அந்தரத்தில் நீட்டி நிறுத்தினார். 1960இல் ஜூலியஸ் ஷுல்மன் அதை இரவில் படமெடுத்தார். கண்ணாடி மூலையில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள், காலுக்குக் கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் முழுவதும் விளக்காக. கட்டடப் படங்களில் இதைவிடப் பெயர்பெற்றது அரிது. ஆனால் அந்தப் படம் ஒரு கெடுதலும் செய்தது. சாமானியக் குடும்பத்துக்காகத் தொடங்கிய முயற்சி, காக்டெய்ல் விருந்துக்காரர்களின் வீடு என்று மனதில் பதிந்துபோனது.

சாமானியரிடம் உண்மையில் போய்ச் சேர்ந்தவர் ஐக்லர். ஆன்ஷென் அண்ட் ஆலன், ஜோன்ஸ் அண்ட் எம்மன்ஸ், க்ளாட் ஓக்லண்ட் போன்ற தேர்ந்த கட்டடக் கலைஞர்களை வைத்து மாதிரிகள் வரைந்து, ஒவ்வொன்றையும் தெருத்தெருவாகக் கட்டினார். 1950வாக்கில் விற்ற முதல் வீடுகள் சுமார் 10,000 டாலர். உட்சுவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் மகோகனி ஒட்டுப்பலகை, கூரைக்குக் காடிவெட்டிப் பொருத்திய பலகை. 1950களின் கடைசியில் வாசலைத் தாண்டியதும் வானம் திறந்த ஒரு முற்றமும் வந்தது. முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்த நமக்கு இது பெரிய புதுமையாகத் தெரியாது. முன்புல்வெளியைத் தெருவுக்குக் காட்டி வாழ்ந்த அமெரிக்கருக்கு, வீட்டுக்குள்ளே தனக்கென்று ஒரு வானம் கிடைத்தது புதிதுதான்.

அவரை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் புறநகர்கள் பலவும் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்தன. ஆசியர்களுக்கும் பல இடங்களில் கதவு மூடியிருந்தது. அரசின் கடன் விதிகளும் அதற்குத் துணைபோயின. ஐக்லர் பணம் கட்ட முடிந்த யாருக்கும் விற்றார். வீடு கட்டுவோரின் தேசியச் சங்கம் இனப்பாகுபாட்டுக்கு எதிரான கொள்கையை ஏற்க மறுத்தபோது, 1958இல் அதிலிருந்து விலகினார். இன்று சன்னிவேல், கூப்பர்டினோ ஐக்லர் தெருக்களுக்குப் பக்கத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழைய செய்தி தெரியுமோ!

குறைகளும் சொல்ல வேண்டும். தட்டைக் கூரையில் தண்ணீர் நின்றால் ஒழுகும். ஒற்றைக் கண்ணாடி குளிரில் சூட்டை வெளியே விடும், கோடையில் வெயிலை உள்ளே விடும். தரைக்குள் புதைத்த குழாய் துருப்பிடித்துக் கசிந்தால் கான்கிரீட்டை உடைக்காமல் கை வைக்க முடியாது. மெல்லிய பலகைச் சுவர் தீப்பிடித்தால் சீக்கிரம் எரியும். 1973இல் எண்ணெய் விலை எகிறியதும் இப்படிப்பட்ட வீடு வைத்திருப்பது செலவாகிப் போனது. மாடி வைத்த பெரிய வீடுகளின் பக்கம் மக்கள் திரும்பினார்கள்.

கலிபோர்னியாவின் மிதமான வெயிலுக்குச் சரிப்பட்ட கண்ணாடி நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. அதற்கு வேறு விடை புதுச்சேரியிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டினார். வேலை தொடங்கியது 1930களின் கடைசியில். அங்கே கண்ணாடிக்குப் பதில் திருப்பித் திறக்கும் கான்கிரீட் பட்டைகள். காற்று வரும், வெயில் வராது. அதே நகாஷிமா பின்னர் பென்சில்வேனியாவில் செய்த மரச்சாமான்களைத்தான் மிட் செஞ்சுரி ரசிகர்கள் ஏலத்தில் போட்டிபோட்டு வாங்குகிறார்கள்.

1990களில் காற்று மறுபடி திரும்பியது. பாம் ஸ்பிரிங்ஸில் நாய்ட்ரா 1946இல் கட்டிய காஃப்மன் வீட்டைப் பழையபடி மீட்டார்கள். அதற்காக யூட்டாவில் மூடிக்கிடந்த கல்குவாரியைத் திறந்து அதே கல்லை வெட்டியெடுத்தார்கள். 2006 முதல் அந்த ஊரில் இந்த வீடுகளுக்கென்றே ஆண்டுத் திருவிழா நடக்கிறது. அதே நேரத்தில், பக்கத்து ராஞ்சோ மிராஜில் நாய்ட்ரா கட்டிய மாஸ்லன் வீட்டை 2002இல் புதிதாக வாங்கியவர் இடித்துத் தள்ளினார். நிலம் வீட்டைவிட விலைபோகும் இடத்தில் இது நடக்கத்தான் செய்யும்.

ஐக்லர் வீடுகளின் தலைவிதியையும் நிலத்தின் விலைதான் எழுதுகிறது. பாலோ ஆல்டோவில் இன்று 20 லட்சம் டாலருக்குக் கீழே ஒன்று கிடைப்பது அரிது. வாங்குகிறவர் கூரைக்கு ஃபோம் அடிக்கலாம், இரட்டைக் கண்ணாடி மாட்டலாம். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினால்தான் வம்பு: பின்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக உள்ள வீட்டில் படுக்கையறைவரை மேலிருந்து தெரியும். எனவே ஒரு பகுதியின் வீட்டுக்காரர்களில் பெரும்பான்மையோர் கேட்டுக்கொண்டால் அங்கே இரண்டாம் தளத்துக்கு நகராட்சி தடை விதிக்கலாம். குழந்தைகள் பிறந்து இடம் போதாமல் தவிப்பவர்களுக்கு இந்த விதி பிடிப்பதில்லை. சில தெருக்களில் விண்ணப்பம் போனபோது அண்டைவீட்டார் இரண்டு கட்சியாகப் பிரிந்து, நகரசபைக் கூட்டத்தில் எதிரெதிராக நின்று வாதாடினார்கள்.