தோலின் சுபாவமும் பாதரட்சையின் ஆயுளும்

கடையின் கண்ணாடி அலமாரியில் ஒன்றைப்போல் ஒன்று பளபளக்கும் பூட்ஸ் ஜோடிகளில் எது பல வருஷம் உழைக்கும், எது முதல் மழைக்காலத்திலேயே வெடித்துப்போகும் என்பதை விலைச்சீட்டும் விற்பனையாளரின் வாக்குறுதியும் தெரிவித்துவிடுவதில்லை. அதைத் தெரிவிப்பது தோலின் சுபாவம்; அதனை அறிந்துகொண்டவருக்கு வாங்குவதும் எளிது, பேணுவதும் எளிது.

மாட்டுத்தோலின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மேற்பரப்பில் கொலாஜன் என்னும் புரதத்தின் மெல்லிய இழைகள் மிக நெருக்கமாகச் செறிந்திருப்பதையும், கீழே இறங்க இறங்க அவை பருத்த கற்றைகளாகிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதையும் காணலாம். இந்த இழைவலை அழுகிவிடாமல் நிலைபெறச் செய்வதே பதனிடுதல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் வாரக்கணக்கில் தோலைக் கிடத்திப் பக்குவப்படுத்தும் முறை தமிழ்நாட்டில் நெடுங்காலம் சிறந்து விளங்கிற்று. 1884-இல் அமெரிக்கரான அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்புகளால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறை திருந்திப் பரவியபின், வாரங்கள் பிடித்த வேலை ஓரிரு நாட்களில் முடியலாயிற்று. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பும் கனமும் உடையதாதலால் சோலுக்கு உகந்தது. குரோம் தோல் மிருதுவாயும் உஷ்ணத்தைத் தாங்குவதாயும் இருப்பதால், இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தைக்கப்படும் பூட்ஸ்களின் மேற்பாகத்துக்கு அதுவே பெரிதும் பயன்படுகிறது.

இழைகள் நெருங்கிய மேற்பரப்பைச் சிதைக்காமல் வைத்த தோலே உத்தமமானது. வடுக்களை மறைக்க அப்பரப்பைச் சுரண்டி, மேலே பூச்சிட்டு, இயந்திரத்தால் பொய்யான துவாரங்களைப் பதித்த தோல் மத்திமமானது. அடிப்புறத்தைத் தேய்த்து இழைகளை எழுப்பினால் வெல்வெட்டுப் போன்ற ஸ்வேட் கிடைக்கிறது. மேற்புறத்தையே இலேசாகத் தேய்த்தால் அதனினும் உறுதியான நூபக் கிடைக்கிறது. வழவழப்பான பூட்ஸின் மேற்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் விரிந்து, விரலை எடுத்ததும் மறையும், பூச்சு கனத்த தோலோ ஒரே தகடாக அமுங்கும். வெட்டிய விளிம்பு கண்ணுக்குத் தெரியுமிடத்தில் இழைகள் தெரிந்தால் அது தோல். துணியின் நெசவு தெரிந்தால் அது போலி.

சோல் இணைந்திருக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. பசையால் ஒட்டியது மலிவு. மேற்பாகத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு வாரைத் தைத்து, அந்த வாரோடு சோலைத் தைக்கும் குட்இயர் வெல்ட் முறையில் அமைந்ததோ, சோல் தேய்ந்தபின் அதனைப் பிரித்து வேறு சோல் மாற்ற இடங்கொடுக்கும். நாள் முழுதும் நடந்து பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், இரண்டு கால்களிலும் அணிந்து, நடந்து பார்த்து வாங்குவதே முறை.

தோல் வியர்வையை உறிஞ்சும் சுபாவமுடையது. ஆகவே ஒரு நாள் அணிந்ததை மறுநாள் ஓய்வாக விட்டு, உள்ளே மரக்கட்டை அச்சைச் செருகி வைத்தால் ஈரமும் உலரும், வடிவமும் கெடாது. மழையில் நனைந்ததைப் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டுமேயன்றி, வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கலாகாது. அவசர உஷ்ணத்தில் இழைகள் ஒட்டி இறுகி, நடக்கையில் வெடிக்கும். தூசியை முதலில் பிரஷ்ஷால் நீக்கி, இழைகளுக்குக் கொழுப்பை ஊட்டும் கிரீமைச் சிறிதளவே தடவி, அது ஊறியபின் தேய்க்க வேண்டும். மெழுகுப் பாலிஷ் பளபளப்பைத் தருமேயன்றிப் போஷாக்கைத் தராது.

ஸ்வேட்டுக்கு மெழுகும் ஆகாது, சாதாரண கிரீமும் ஆகாது. இரண்டும் எழுந்து நிற்கும் இழைகளைப் படியவைத்துவிடும். சேறு பட்டால் ஈரத்தோடு துடைக்காமல் முழுதும் காயவிட்டு, அதற்கென்றுள்ள பிரஷ்ஷால் உதறி, மிஞ்சிய கறையைப் பென்சில் ரப்பரால் அழிக்கலாம். படிந்த இழைகளைக் கொதிநீரின் ஆவியில் சற்றே காட்டிப் பிரஷ்ஷால் எழுப்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சணம் பூக்காதிருக்க, பிளாஸ்டிக் பையை விலக்கித் துணிப்பையில் வைப்பது நலம்.

இத்தனைக்கும் மேலாக, குதியின் அடித்தட்டு தேய்ந்து அதன் மேலுள்ள தோலடுக்கு தரையைத் தொடுமுன் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொண்டுசெல்லுங்கள்; அவர் கைபட்டுப் புதுத்தட்டுப் பெறும் பூட்ஸ், புதியதொன்றை வாங்கும் செலவைப் பல வருஷங்களுக்குத் தள்ளிப்போடும்.