கை நடுங்கும் முன்பே வற்றும் ஏரி

"ரெண்டு வருஷமாவே வலது கையை வீசாமத்தான் நடக்குறாரு டாக்டர். வயசாகுதுன்னு விட்டுட்டோம்."

சென்னை அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பம் போன்ற பகுதிகளிலிருந்து நரம்பியல் மருத்துவரைத் தேடி வரும் குடும்பங்கள் பேச்சை இப்படித்தான் தொடங்குகின்றன. நோயாளி தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவராக இருப்பார். கையெழுத்து சிறுத்துப்போய், ஒத்துவரவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். தோள் இறுகியதற்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்திருப்பார்கள். கை நடுங்கிய பிறகுதான் நரம்பு மருத்துவர் நினைவுக்கு வருகிறார். வரும்போது ஒரு மஞ்சள் பையும் கூடவே வருகிறது. அதற்குள் பொடி, லேகியம், யாரோ சொன்ன மாத்திரை.

பார்கின்சன் என்னும் நடுக்குவாதம் இப்படித் தாமதமாகப் பிடிபடுவதற்கு அலட்சியம் பாதிக் காரணம். மீதியை மூளையே மறைக்கிறது.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை?

கை முதன்முதலாக நடுங்கும் நாளில், அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களில் ஏறக்குறைய பாதி அழிந்திருக்கும்; அவற்றின் நரம்பு முனைகளில் அதைவிட அதிகம் போயிருக்கும். அதுவரை உடல் எப்படித் தாக்குப்பிடித்தது? அமெரிக்கக் கணிதவியலாளர்கள் மைக்கேல் ரீட், ஜேனட் பெஸ்ட், உயிரியலாளர் ஃபிரெட் நைஹவுட் ஆகியோர் இந்தக் கேள்வியைக் கணினியிடம் கொண்டுபோனார்கள். டோபமின் உருவாவது, வெளியாவது, திரும்ப உறிஞ்சப்படுவது எல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதி, செல்களைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்தார்கள்.

கிடைத்த விடையை ஏரியை வைத்துச் சொல்லலாம். வரத்துக்கால் பாதி அடைபட்டாலும், மதகும் அதே அளவுக்கு மூடிக்கொண்டால் நீர்மட்டம் இறங்காது. டோபமினை வெளியிடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் அதே நரம்பு முனைகள்தான். ஒரு முனை செத்தால் வரத்தும் குறைகிறது, போக்கும் குறைகிறது. கரையில் நிற்பவருக்கு ஏரி நிறைந்தே தெரியும். ஆனால் கசிவு மட்டும் குறைவதில்லை. முனைகளில் மிகப் பெரும்பகுதி போன பிறகு அந்தக் கசிவே கணக்கைக் குலைத்துவிடுகிறது. மட்டம் சடசடவென்று இறங்குகிறது.

கிண்டியில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தியின் குழு வேறொரு கேள்வியைக் கணினியில் ஆராய்ந்து வருகிறது. இந்தச் செல்கள் மட்டும் ஏன் சாகின்றன? டோபமின் குறைந்தால் பக்கத்து நரம்புத் தொகுதி ஒன்று கட்டுப்பாடு இழந்து, செல்களைத் தூண்டும் குளுட்டமேட்டைக் கொட்டுகிறது. ஏற்கெனவே ஆற்றல் பற்றாமல் தவிக்கும் செல்கள் அதைத் தாங்காமல் மடிகின்றன. மடிய மடிய டோபமின் இன்னும் குறைகிறது. அவர்களின் கணினி மாதிரி காட்டும் இந்தச் சுழலை எங்கே அறுக்கலாம் என்ற தேடலில் இன்னும் மருந்து பிறக்கவில்லை. செல் இழப்பை நிறுத்தும் மாத்திரை இன்றைக்கு உலகில் எங்கும் இல்லை. 'நிறுத்திக் காட்டுகிறேன்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பூனைக்காலிப் பொடி

மஞ்சள் பையில் அடிக்கடி இருப்பது பூனைக்காலி விதைப் பொடி. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவை அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-ல் வெளியிட்டவர்கள் சென்னையில் பணியாற்றிய தாமோதரன், ராமசாமி என்ற இரு வேதியியலாளர்கள். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையில் இருப்பதும் அதே லெவோடோபாதான்.

ஆபத்தும் அங்கேதான். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையில் கார்பிடோபா துணைக்கு இருப்பதால் மருந்து மூளைக்குப் போய்ச் சேருகிறது. பொடியில் அது இல்லை. பெரும்பகுதி வழியிலேயே டோபமினாக மாறி, குமட்டலையும் ரத்த அழுத்தச் சரிவையும் தருகிறது. போதாததற்குப் பாலில் கலந்து குடிக்கச் சொல்கிறார்கள். பால் புரதமும் லெவோடோபாவும் உள்ளே போக ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன.

மாத்திரையோடு சேர்த்துப் பொடியையும் விழுங்குபவர்கள் உடல் முறுக்கிக்கொள்வதாலும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதாலும் அவசரமாகத் தூக்கிவரப்படுகிறார்கள். பயந்துபோய் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிட மோசம். உடல் விறைத்து, காய்ச்சல் கொதித்து, உயிருக்கே உலை வைக்கும்.

"தலைசுத்தல் மாத்திரைதானே?"

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு ஆகியவை டோபமினின் வேலையைத் தடுக்கக்கூடியவை. ஒரு முறை எழுதித்தந்த சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் விழுங்கும் முதியவர்களுக்கு அச்சு அசல் பார்கின்சன் போலவே நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. மருத்துவர் சொல்லி அந்த மருந்தை நிறுத்தினால், சில மாதங்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். மருந்தால் வந்த நோய் என்று தெரியாமல் அதற்கும் ஒரு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

"அஞ்சு வருஷம்தான் வேலை செய்யும்"

லெவோடோபாவுக்கு ஆயுள் ஐந்து வருடம், அதனால் முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியிருக்கிறது. தவறு. மாத்திரை வலுவிழப்பதில்லை, அதைச் சேமித்துவைக்கும் கிடங்குதான் சுருங்குகிறது. லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆரம்பத்தில், மிச்சமுள்ள நரம்பு முனைகள் அதை வாங்கிவைத்துச் சிறுகச் சிறுகச் செலவழிக்கின்றன. அவையும் குறையும்போது, மாத்திரை ஏறும்போது துள்ளலும் இறங்கும்போது உறைதலுமாக நோயாளி அல்லாடுகிறார். ரீட் குழுவின் சமன்பாடுகளும் இதைத்தான் காட்டுகின்றன. மாத்திரையைத் தள்ளிப்போட்டாலும் செல்கள் அழிவது நிற்காது. நடக்க முடிந்திருக்க வேண்டிய வருடங்கள் மட்டும் வீணாகின்றன.

நடுக்கம் இல்லையென்றால் பார்கின்சன் இல்லை என்பதும் பொய். சிலருக்கு அது வருவதே இல்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்று போடும் சத்து ஊசி இதில் எதையும் மாற்றாது.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் மருத்துவர் நேரில் சோதித்துப் பார்ப்பதே போதும். ஸ்கேன் எடுப்பது வேறு நோய்களை விலக்கத்தான்.

பட்டறைக்காரர்களே, கொஞ்சம் கேளுங்கள்

வெல்டிங் புகையில் மாங்கனீஸ் இருக்கிறது. மாங்கனீஸ் தூள் அரைத்த தொழிலாளர்களின் தள்ளாட்டத்தை ஸ்காட்லாந்தில் ஜான் கூப்பர் என்ற மருத்துவர் 1837-லேயே எழுதிவைத்தார். மாங்கனீஸால் வரும் இறுக்கம் லெவோடோபாவுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிரைகுளோரோஎத்திலீனுக்கும் பார்கின்சனுக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தயவுசெய்து ஷட்டரைத் திறந்துவைத்து வேலை பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை ரிப்பேர் செய்யுங்கள். கைக்குட்டை கட்டுவது முகமூடி ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கெஞ்சல். அப்பாவுக்குச் சாம்பார் கொதிக்கும் வாசனை தெரியவில்லையா? தூக்கத்தில் கத்திக் கைகாலை உதறுகிறாரா? மலச்சிக்கல் வருடக்கணக்கில் விடவில்லையா? ஒரு கை மட்டும் வீசாமல் நடக்கிறாரா? இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. அந்த மஞ்சள் பையையும் எடுத்துப் போங்கள். பொடியோ மாத்திரையோ, எதையும் மறைக்காமல் மேசைமேல் வையுங்கள். மருத்துவர் திட்டினாலும் பரவாயில்லை.