பப்ஜி ஆடினா கோடி ரூபாய் நெசமாவே கிடைக்குமா? இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகள் எப்படி நடக்கின்றன?

மதுரை வில்லாபுரத்தில் சாயங்காலம் ஒரு ரவுண்டு நடந்தால் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் இந்தக் காட்சி கண்ணில் படும். நாலு பசங்க, நாலு பேர் கையிலும் படுக்கைவாட்டில் போன். டீ ஆறிப்போய்க் கிடக்கும். "கல்லுக்குப் பின்னாடி ஒருத்தன்டா... ஸ்மோக் போடு, ஸ்மோக் போடு!" என்று தெருவே அதிரும்.

அதே பகுதியில் இருக்கும் ஒரு அக்கா போன வாரம் கேட்டார். "தம்பி, நீ நியூஸ் சேனல்லதான வேலை பாக்குற? எம் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். டோர்னமென்ட் ஆடணும், என்ட்ரி ஃபீஸ் ஐநூறு ரூவா ஜிபே பண்ணுங்கறான். ஜெயிச்சா கோடிக்கணக்குல குடுப்பாங்கன்னு சொல்றான். இவன வையவா, இல்ல காசக் குடுக்கவா?"

சுருக்கமான பதில்: கோடி நெசம்தான். அந்த ஐநூறு ரூபாயில்தான் சிக்கல். ஏன் என்று புரிய, இந்தப் போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று தெரிய வேண்டும்.

கோடி எங்கிருந்து வருது?

பசங்க இன்னும் 'பப்ஜி' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது ஆடுவது 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்றே வெளியிட்ட பிஜிஎம்ஐ. ரத்தம் பச்சை நிறத்தில் தெறிக்கும். 'கில்' என்று வராது, 'ஃபினிஷ்' என்று வரும். இந்தியாவுக்காகச் செய்த மாற்றங்கள் இவை.

இதன் மிகப்பெரிய போட்டி பிஜிஐஎஸ். 2025-ல் இதற்கு அறிவிக்கப்பட்ட மொத்தப் பரிசு 3.21 கோடி ரூபாய். இறுதிச்சுற்று அந்த ஏப்ரலில் கொல்கத்தாவில் அரங்கம் நிறைந்த கூட்டத்தோடு நடந்தது. டீம் வெர்சடைல் என்ற அணி ஜெயித்தது.

இந்தப் பணம் ஆடுகிறவர்களிடம் வசூலித்தது இல்லை. கேம் நிறுவனமும் ஸ்பான்சர்களும் போடுவது. கேம் நிறுவனத்துக்கு இது விளம்பரச் செலவு மாதிரி. போட்டியைப் பார்க்கிற லட்சக்கணக்கான பேர் கேமை விடாமல் ஆடுவார்கள், உள்ளே துப்பாக்கி 'ஸ்கின்', டிரெஸ் என்று வாங்குவார்கள். போன் கம்பெனிகள் ஸ்பான்சர் செய்வதும் இதே கணக்கில்தான்.

வில்லாபுரம் டீம் கொல்கத்தா போக முடியுமா?

வழி இருக்கிறது. இது 'ஓப்பன்' வகைப் போட்டி. 16 வயது ஆகியிருக்க வேண்டும். 18-க்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். நாலு பேர் டீம் சேர்ந்து கேம் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. முதல் சுற்றை வீட்டிலிருந்தே ஆடலாம். அதில் தேறினால் அடுத்தடுத்த தகுதிச்சுற்றுகள், அங்கே ஏற்கெனவே பெயர் பெற்ற அணிகள் காத்திருக்கும். கடைசியில் 16 அணிகள் மேடை ஏறும். நம்ம ஊர் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்டில் ஜெயித்தவன் அப்படியே ஐபிஎல் வரை ஆடிக்கொண்டே போகலாம் என்றால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகப் போகத்தான் குறுகுகிறது.

டேப்லெட், கம்ப்யூட்டர் எமுலேட்டர் எல்லாம் பெரிய போட்டிகளில் கூடாது, போன் மட்டும்தான். மேடைச் சுற்றில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாடல் போனைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து ஆடும் சுற்றுகளில் மட்டும் நெட்டும் கரன்டும் உங்கள் பாடு. தகுதிச்சுற்று தேதி வந்ததும் நாளிதழில் 'நாளைய மின்தடை' பகுதியில் வில்லாபுரம், அவனியாபுரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது விளையாட்டான யோசனை இல்லை!

கடைசி வரை உயிரோடு இருந்தால் போதுமா?

டிவியில் பார்க்கிறவர்கள் குழம்பும் இடம் இதுதான். ஒரு மேட்சில் 16 அணி, 64 பேர் இறங்குவார்கள். கடைசியாக மிஞ்சும் அணிக்கு 10 புள்ளி. இரண்டாம் இடத்துக்கு 6, அப்புறம் 5, 4, 3, 2. ஏழாவது, எட்டாவது இடங்களுக்குத் தலா 1. அதற்குக் கீழே இடத்துக்கான புள்ளி இல்லை. இதோடு ஒவ்வொரு ஃபினிஷுக்கும் 1 புள்ளி.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு அணி ஒளிந்து ஒளிந்தே முதலிடம் பிடிக்கிறது, ஆனால் வீழ்த்தியது 3 பேரைத்தான். மொத்தம் 13. இன்னொரு அணி ஐந்தாவது இடத்திலேயே அவுட், ஆனால் 11 பேரைச் சாய்த்திருக்கிறது. 3-உம் 11-உம் சேர்த்து 14. தோற்ற அணிதான் மேலே! இறுதிச்சுற்றில் பொதுவாக மூன்று நாளில் 18 மேட்ச். எல்லாப் புள்ளியையும் கூட்டித்தான் சாம்பியன். ஒரு மேட்சில் அதிர்ஷ்டம் அடித்து ஜெயித்துவிட முடியாது. எந்த வட்டம் வந்தால் எந்த வீட்டைப் பிடிப்பது, எப்போது சண்டையைத் தவிர்ப்பது என்று ஒருத்தர் தொடர்ந்து முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்குப் பெயர் ஐஜிஎல். கிரிக்கெட் கேப்டன் மாதிரி, ஆனால் ஓவருக்கு நடுவே யோசிக்க நேரம் கிடைக்காத கேப்டன்.

பெரிய அணிகளில் கோச், எதிரணி ஆட்டத்தை அலசும் அனலிஸ்ட், சம்பளம், எல்லோரும் ஒரே வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்கும் பூட் கேம்ப் எல்லாம் உண்டு. 'ஸ்க்ரிம்ஸ்' என்று பயிற்சி ஆட்டங்கள் நாள் தவறாமல் நடக்கும். இந்த நிலைக்கு வந்தால்தான் வேலை. அதற்குக் கீழே எல்லாமே பொழுதுபோக்குதான், எவ்வளவு நேரம் ஆடினாலும்.

பரிசுப் பணமும் அப்படியே கைக்கு வராது. ஒரு அணிக்கு 10 லட்சம் என்று வையுங்கள். 30 சதவீதம் வரியாகப் பிடித்தால் 7 லட்சம். நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு 1.75 லட்சம். அணியை நடத்தும் நிறுவனத்துக்கும் கோச்சுக்கும் பங்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும் போகும். மாணவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களை வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது.

ஐபிஎல் மாதிரி லீக் இல்லையா?

இருக்கிறது. வாலரன்ட் என்ற கம்ப்யூட்டர் கேமுக்கு, அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ் 2023-ல் ஆசிய-பசிபிக் லீக் தொடங்கியது. பத்து அணிகளை அந்த நிறுவனமே தேர்ந்தெடுத்தது. இந்தியாவிலிருந்து குளோபல் இ-ஸ்போர்ட்ஸ் என்ற ஒரே அணி. ஆட்டம் நடப்பதோ தென்கொரியாவின் சியோலில். இது மூடிய கதவு. கீழேயிருந்து ஏறி வர ஒரு சின்னப் படிக்கட்டு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் முயற்சி நடந்தது. சென்னையைச் சேர்ந்த ஸ்கைஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2021-ல் இதே வாலரன்டில் ஊர்ப் பெயர் வைத்த அணிகளோடு லீக் நடத்தியது. நமக்கு 'சென்னை கிளட்சர்ஸ்'. 2025-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஸ்கைஸ்போர்ட்ஸும் சேர்ந்து 1 கோடி ரூபாய் பரிசில் சென்னை இ-ஸ்போர்ட்ஸ் குளோபல் சாம்பியன்ஷிப் போட்டியை அறிவித்தன.

ஊர்ப் பெயர் வைத்தாலே ஐபிஎல் ஆகிவிடாது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஓவர்வாட்ச் லீக். 2018-ல் 12 நகர அணிகளோடு தொடங்கியது. ஓர் அணியின் விலை 2 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. 2023-ஓடு மூடிவிட்டார்கள்.

மைதானத்துக்கே ஓனர் உண்டு

பெற்றோர் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இது. கிரிக்கெட்டுக்கு பிசிசிஐ இருக்கலாம், ஆனால் கிரிக்கெட் யாருக்கும் சொந்தமில்லை. வில்லாபுரத்தில் நாலு ஸ்டம்பு நட்டு டோர்னமென்ட் நடத்த யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். செஸ்ஸும் அப்படித்தான். 2025-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸையும் சேர்த்தார்கள், மாக்னஸ் கார்ல்சன் ஜெயித்தார். நாளைக்கே அந்தப் போட்டியை நிறுத்தினாலும் செஸ் இருக்கும்.

பிஜிஎம்ஐ அப்படி இல்லை. பந்தும் மைதானமும் அம்பயரும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த நிறுவனமோ அரசோ நினைத்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் நிற்கும். நின்றிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை. அதே ஆண்டு கோடையில் பிஜிஎம்ஐ போட்டி முதல்முறையாக ஸ்டார் ஸ்போர்ட்ஸில் நேரலையாக வந்தது, பரிசு 1.5 கோடி. 'இனி நாமளும் டிவி ஸ்டார்தான்' என்று பசங்க துள்ளிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்த சில நாளிலேயே, ஜூலை 28 அன்று, அரசு உத்தரவால் பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. திரும்பி வந்தது 2023 மே மாதம். அதுவும் 18 வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற கட்டுப்பாட்டோடு.

நடுவில் பத்து மாதம். படிப்பை நிறுத்திவிட்டு இறங்கிய 19 வயசுப் பையனுக்கு அந்தப் பத்து மாதம் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். காயம் பட்டால் விளையாட்டு வீரர் ஆறு மாதம் உட்காருவார். இங்கே விளையாட்டே காயம் பட்டு உட்கார்ந்துவிட்டது.

அரசு இதை விளையாட்டாக ஒத்துக்கொண்டதா?

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக அங்கீகரித்து விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2018 ஆசியப் போட்டியில் காட்சி விளையாட்டாக இருந்தபோதே ஹார்த்ஸ்டோன் கேமில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023-ல் ஹாங்சோவில் பதக்க விளையாட்டானது, ஆனால் நமக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. 2025-ல் பீகாரில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது.

ஆன்லைன் ரம்மியும் இதுவும் ஒண்ணா? இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் எல்லாமே தடை, அது திறமை ஆட்டமாக இருந்தாலும் சரி. ட்ரீம்11 பணம் கட்டும் போட்டிகளை நிறுத்தியதும் இந்திய அணி ஜெர்ஸியிலிருந்து அதன் பெயர் போனதும் இதனால்தான். இ-ஸ்போர்ட்ஸுக்கு அனுமதி உண்டு. நுழைவுக் கட்டணம் கூட வாங்கலாம், ஆனால் அது போட்டியில் சேரவோ நிர்வாகச் செலவுக்கோ மட்டும்தான் இருக்க வேண்டும். பந்தயம் இருக்கக் கூடாது. போட்டி முறையாக அங்கீகரிக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

அப்போ அந்த ஐநூறு ரூபாய்?

அக்கா மகனின் போனை வாங்கிப் பார்த்தோம். வந்திருந்தது ஒரு டெலிகிராம் குரூப் லிங்க். 'என்ட்ரி 500, வின்னருக்கு 5000, பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் ரூம் ஐடி வரும்'. பசங்க மத்தியில் இதற்குப் பெயர் ரூம் மேட்ச். நடத்துகிறவர் யார் என்று தெரியாது, விதிமுறை கிடையாது, எல்லோரும் போட்ட காசில் ஜெயித்தவருக்குப் பங்கு. இது புதிய சட்டம் சொல்லும் இ-ஸ்போர்ட்ஸ் இல்லை, பண விளையாட்டு. அதை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. ஆனால் காசை அனுப்பிய பிறகு ரூம் ஐடியே வராமல் போனால், யாரிடம் போய்க் கேட்பது? அப்படி ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

அக்கா காசு அனுப்பவில்லை. பையன் ஒரு நாள் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு இருந்தானாம். அப்புறம் அவனே வந்து, அடுத்த சீசன் பிஜிஐஎஸ் பதிவு இலவசம்தான், ஆனால் 17 வயசு என்பதால் அம்மா சம்மதம் வேணும் என்று சொல்லியிருக்கிறான். பதிவு எப்போது தொடங்கும், பரீட்சை எப்போது என்று காலண்டரை வைத்துக்கொண்டு பேச்சு நடக்கிறது.