மணவிலக்கு ஆவணம் எங்கே இருக்கிறது?

கோலாலம்பூரில் முஸ்லிம் அல்லாத ஒரு தம்பதி சட்டப்படி பிரிந்தால், அந்தப் பிரிவு மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. முதலில் உயர்நீதிமன்றத்தின் வழக்குக் கோப்பில். அடுத்து, தேசியப் பதிவிலாகாவின் மணவிலக்குப் பதிவேட்டில். கடைசியாக, பல ஆண்டுகளுக்கு முன் இருவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்ட அதே திருமணப் பதிவில். மூன்றும் ஒன்றையொன்று சுட்டும்படி சட்டம் பின்னியிருக்கிறது. ஏதாவது ஒன்றின் நுனி கையில் சிக்கினால் மற்ற இரண்டையும் தேடிப் பிடித்துவிடலாம்.

இந்த ஆவணத்தின் அருமை பல ஆண்டுகள் கழித்துத்தான் பலருக்குத் தெரியவருகிறது. மறுமணத்துக்கு மனுச் செய்யும்போது பதிவதிகாரி கேட்பார். இருவர் பெயரில் இருந்த வீட்டை ஒருவர் பெயருக்கு மாற்றும்போது நில அலுவலகம் கேட்கும். பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைக் காட்டவும் அந்தத் தாள் வேண்டும். வீடு மாறியபோதோ வெள்ளம் வந்தபோதோ அது தொலைந்துபோயிருக்கும். எங்கே போய்க் கேட்பது? பதில் நாம் நினைப்பதைவிட நேர்த்தியான ஓர் அமைப்புக்குள் இருக்கிறது.

எந்த வாசல்?

மலேசியாவின் நீதிமன்றங்கள் அடுக்கடுக்கானவை. கீழே மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கும் மேல் உயர்நீதிமன்றம். சாலை விதி மீறிய வழக்கும் கடன் பாக்கி வழக்கும் கீழ் அடுக்குகளிலேயே முடிந்துவிடும். ஆனால் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த தம்பதியின் கோப்பு பெரும்பாலும் ஜாலான் டூத்தாவில் உள்ள கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். சிலாங்கூரில், உதாரணமாகக் கிள்ளானில் வாழ்ந்தவர்களுக்கு, முதலில் விசாரிக்க வேண்டிய இடம் ஷா ஆலம் உயர்நீதிமன்றம்.

முஸ்லிம்களுக்குப் பாதை வேறு. கோலாலம்பூரில் 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி ஷரியா நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய இலாகா பதிவு செய்யும். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மணவிலக்கை ஜாலான் டூத்தா உயர்நீதிமன்றக் கோப்புகளில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

1982 என்ற எல்லைக்கோடு

தேடலின் முதல் கேள்வி 'எந்த ஆண்டு?' என்பதுதான். 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமண, மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்து வழக்கப்படி கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டிய திருமணங்கள் பல எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒருவர் இரண்டாம் மனைவியை மணப்பதையும் வழக்காற்றுச் சட்டம் தடுக்கவில்லை. புதிய சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதியைக் கொண்டுவந்தது. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. முன்பு வழக்கப்படி நடந்து, அன்றும் நிலைத்திருந்த திருமணங்களையும் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவானவையாகவே கருதச் செய்தது.

இதன் விளைவு எளிது. 1982 மார்ச்சுக்குப் பின் சட்டப்படி பிரிந்தவர்களுக்கு ஆவணம் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன் பெரியவர்கள் கூடிப் பேசிப் பிரித்துவைத்த தம்பதிக்கு நீதிமன்றக் கோப்பு இல்லாமலே போகலாம். தாத்தா பாட்டியின் கதையைத் தேடும் பேரப்பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

ஒரு பிரிவு, இரண்டு தேதி

அடுத்த வியப்பு காலத்தோடு விளையாடுகிறது. நீதிபதி "மணவிலக்கு வழங்கப்படுகிறது" என்று சொன்ன கணத்தில் திருமணம் முடிந்துவிடுவதில்லை. அன்று கிடைப்பது டிகிரி நைசை, அதாவது இடைநிலைத் தீர்ப்பாணை. சாதாரணமாக மூன்று மாதம் கடந்த பிறகே அது டிகிரி அப்சலூட், அதாவது முடிந்த முடிவான ஆணை ஆகும். நீதிமன்றம் விரும்பினால் இந்தக் காலத்தைக் குறைக்கலாம். இடைப்பட்ட அந்த நாட்களில் இருவரும் சட்டத்தின் கண்ணில் இன்னும் கணவன் மனைவியே.

இந்த ஏற்பாடு யோசித்துச் செய்யப்பட்டது. தீர்ப்பை எதிர்க்க வேண்டியவர் எதிர்க்கவும், மறைக்கப்பட்ட உண்மை ஏதேனும் வெளிவரவும் அது அவகாசம் தருகிறது. ஆவணம் தேடுபவருக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முத்திரை குத்திய முதல் தாளை மட்டும் பத்திரப்படுத்தி, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுபவர்கள் பலர். மறுமணப் பதிவுக்குச் செல்லும்போது இரண்டாம் தாள் இல்லாமல் நிற்பார்கள். ஆகவே நகல் கேட்கும்போது இடைநிலை ஆணையையும், அதை முடிவாக்கிய சான்றிதழையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சட்டத்தின் காலக்கெடுக்கள் நமக்குத் துப்பறியவும் உதவுகின்றன. விதிவிலக்கான துன்பம் இருந்தாலொழிய, மணமாகி இரண்டு ஆண்டு நிறையும் முன் மணவிலக்கு மனுப் போட முடியாது. எனவே 2005 ஜூனில் மணந்தவர்களின் கோப்பை 2007 ஜூனுக்கு முன் தேடுவது பெரும்பாலும் பயனற்றது. அவர்களுள் ஒருவர் 2012 மார்ச்சில் மறுமணம் பதிந்திருந்தால், இடைநிலை ஆணை சாதாரணமாக 2011 டிசம்பருக்குப் பின் வந்திருக்காது. இரண்டு தேதிகளை வைத்தே தேடலை நான்கரை ஆண்டுகளுக்குள் அடக்கிவிட்டோம்!

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வரைபடம்

இப்போது இந்த அமைப்பின் மிக அழகான பகுதிக்கு வருவோம்: வழக்கு எண். இன்றைய கோலாலம்பூர் மணவிலக்கு மனு ஒன்றின் எண் 'டபிள்யூஏ-33' என்று தொடங்கும். அந்த டபிள்யூவை நாம் தினமும் சாலையில் பார்க்கிறோம். வாகனப் பதிவெண்ணில் எந்த எழுத்து எந்த மாநிலத்தைக் குறிக்கிறதோ, தீபகற்ப மலேசியாவின் நீதிமன்ற எண்ணிலும் அதுவே குறிக்கிறது. கோலாலம்பூருக்கு டபிள்யூ, சிலாங்கூருக்கு பி (B), பேராக்குக்கு ஏ, ஜொகூருக்கு ஜே, பினாங்குக்கு பி (P). நெடுஞ்சாலையில் முன்னால் போகும் காரின் ஊரைச் சொல்லத் தெரிந்தவருக்கு, வழக்கு எந்த மாநிலத்தில் நடந்தது என்பதையும் சொல்லத் தெரியும்.

இரண்டாம் எழுத்து ஊரைக் காட்டுகிறது. பேராக்கில் 'ஏஏ' என்றால் ஈப்போ. 'ஏபி' (AB) என்றால் தைப்பிங். ஷா ஆலமுக்குரிய எண் சிலாங்கூர் எழுத்தையும் ஏ என்ற எழுத்தையும் சேர்த்துத் தொடங்கும்.

அடுத்து வரும் 33 வழக்கின் வகை. 22 என்றால் ரிட் வழியே தொடுக்கும் சிவில் வழக்கு. 28 என்றால் நிறுவனத்தைக் கலைக்கும் மனு. 33 என்றால் மணவிலக்கு. அதன் பின்னால் 'ஜேபி' (JP) என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது கூட்டு மனு: இருவரும் மனமொத்துப் பிரிந்திருக்கிறார்கள். ஜேபி இல்லையென்றால் ஒருவர் மற்றவர்மீது தொடுத்த மனு. பிறகு வரிசை எண், இறுதியில் பதிவான மாதமும் ஆண்டும். கோப்பைத் திறக்காமலேயே மாநிலம், ஊர், வழக்கின் தன்மை, இணக்கமா பிணக்கா, எப்போது தொடங்கியது என ஐந்து செய்திகளைப் படித்துவிடலாம்.

ஒருவர் மட்டும் தொடுத்த மனுவுக்கு இன்னொரு தடயமும் உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, அப்படிப்பட்ட தம்பதி நீதிமன்றத்துக்குப் போகுமுன் சமரசக் குழுவைச் சந்திக்க வேண்டும். தேசியப் பதிவிலாகாவே அப்படிப்பட்ட குழுக்களை நடத்துகிறது. சமரசம் தோற்றது என்ற சான்றிதழ் வந்த பிறகே மனு ஏறும். பழைய காகிதக் கட்டில் இந்தச் சான்றிதழ் அகப்பட்டால், வழக்கு தொடங்கிய காலத்தை ஏறத்தாழக் கணித்துவிடலாம்.

பெயர் ஏமாற்றும், எண் ஏமாற்றாது

வழக்கு எண் தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். தமிழ்ப் பெயருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரும் தந்தை பெயரும்தான். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி எனப் பலவாறு ஒலிக்கும் ஒரே பெயரை, அன்றன்றைய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, திருமணப் பதிவில் வேறொன்று என்று ஒருவருக்கே இரண்டு எழுத்துக்கோவை அமைவது சாதாரணம். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு மனிதர்கள்.

இங்கே கைகொடுப்பது அடையாளக் கார்டு எண். அதன் 12 இலக்கங்களுக்குள்ளும் ஒரு குட்டி வரலாறு இருக்கிறது. முதல் ஆறு, பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு, பிறந்த இடம்: 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆனால் இந்த 12 இலக்க முறை 1990இல்தான் வந்தது. 1980களில் பிரிந்தவரின் கோப்பில் பழைய ஏழு இலக்க எண்தான் இருக்கும். ஆகவே பழைய எண், புதிய எண் இரண்டையும் கையோடு கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

எதை எங்கே கேட்பது?

'மணவிலக்கு ஆனதா?' என்ற கேள்விக்குப் பதில் தேசியப் பதிவிலாகாவில் இருக்கிறது. முடிவான ஆணை பிறந்ததும் நீதிமன்றம் அதன் நகலை அங்கே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். தலைமைப் பதிவாளர் அதை மணவிலக்குப் பதிவேட்டில் ஏற்றுவார். பிறகு, மூலத் திருமணப் பதிவை வைத்திருக்கும் பதிவாளருக்கு உத்தரவு போகும். அவர் அந்தப் பதிவில் 'கலைக்கப்பட்டது' என்று குறித்து, வழக்கின் விவரத்தையும் எழுதுவார். தொலைந்த வழக்கு எண்ணை மீட்க இந்தக் குறிப்பே உதவக்கூடும்.

'மணவிலக்கில் என்ன முடிவானது?' என்பது வேறு கேள்வி. பிள்ளை யாரிடம், மாதப் பராமரிப்பு எவ்வளவு, வீடு யாருக்கு என்பவை நீதிமன்ற ஆணையில் மட்டுமே இருக்கும். அதற்கு முதலில் கோப்புத் தேடல் செய்ய வேண்டும். முகப்பில் மலாய்மொழியில் 'சாரியான் ஃபைல்' என்பார்கள். பிறகு சான்றளிக்கப்பட்ட நகலுக்கு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்த வேண்டும். வழக்கறிஞர்கள் இதை மின்பதிவு முறையில் தங்கள் அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பழைய வழக்கை நடத்திய வழக்கறிஞர் இன்னும் தொழிலில் இருந்தால் அவரை முதலில் கேட்பது மிகக் குறுகிய வழி. மற்றவர்களுக்கு நீதிமன்ற வளாகத்திலேயே சேவை முகப்பு உண்டு.

2011இல் கோலாலம்பூரில் தொடங்கிய மின்பதிவு முறை இன்னொரு விந்தையையும் கொண்டுவந்தது. மின்பதிவான ஆவணத்தின் பக்க அடியில் ஒரு தொடர் எண் அச்சாகிறது. அதை நீதித்துறையின் மின்பதிவுத் தளத்தில் இட்டு, அந்தத் தாள் உண்மையானதா என்று சரிபார்க்கலாம். போலி முத்திரையோடு வரும் தாளைக் கண்டுபிடிக்க முன்பு அனுபவமுள்ள கண் தேவைப்பட்டது. இன்று ஓர் எண் போதும்.

அதற்கும் முந்தைய தலைமுறைக் கோப்புகள் காகிதத்தில் உறங்குகின்றன. அரசு ஆவணம் எதையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் அனுமதியின்றி அழிக்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம். அந்தக் காப்பகமும் ஜாலான் டூத்தாவில், நீதிமன்ற வளாகம் இருக்கும் அதே சாலையில்தான் இருக்கிறது. இன்று அந்தச் சாலைக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் என்று பெயர்.

இத்தனை கதவுகள் திறந்திருந்தாலும் குடும்பத்தின் மானத்துக்கு ஒரு திரையும் உண்டு. மணவிலக்கு வழக்கின் விவரங்களில் எதைச் செய்தியாக வெளியிடலாம் என்பதை 1962ஆம் ஆண்டுச் சட்டமொன்று கட்டுப்படுத்துகிறது. இந்நாளில் வெளியாகும் குடும்பத் தீர்ப்புகள் பலவற்றில் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும். ஆகவே நகல் கேட்கும்போது, நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லும் ஆயத்தத்தோடு போக வேண்டும்.

ஆவணத்தைத் தேடி வருபவர்களில், மறுபடி தம் காலில் நிற்க முயலும் தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும், அவர்களுக்கு உதவும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வழக்கு எண்ணை இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இடைநிலை ஆணை, முடிவான சான்றிதழ் இரண்டுக்கும் சான்றளிக்கப்பட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்குங்கள். ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான உறவினரிடமும் வையுங்கள். தொலைந்திருந்தால் தயங்க வேண்டாம்: திருமணச் சான்றிதழையும் இருவரின் அடையாளக் கார்டு எண்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். உங்களுக்குத் தீர்ப்பு தந்த உரிமையைக் காட்டும் தாள் அது. அதன் நகலைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.