உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்கக் கல்லூரியும் நிதியுதவியும்

● உதவி கேட்டால் இடம் போய்விடுமா? ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவற்றில் போகாது. வெளிநாட்டு மாணவராக இருந்தாலும், பணவசதியைப் பார்க்காமல்தான் அங்கே சேர்க்கை முடிவாகிறது. மற்ற பல கல்லூரிகளில் வெளிநாட்டவரின் நிதித்தேவையும் கணக்கில் வரும். விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

● முதல் மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை உண்டா? ஐவி லீகின் 8 பல்கலைக்கழகங்களிலும் இல்லை. குடும்பத்தின் தேவைதான் அங்கே அளவுகோல்.

● எவ்வளவு கிடைக்கும்? ஹார்வர்டில் 2025-26 முதல், ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் வழக்கமான அளவில் இருந்தால், படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் குடும்பம் பணம் கட்ட வேண்டாம். 2 லட்சம் டாலர் வரை படிப்புக் கட்டணம் இல்லை.

● எந்தப் படிவம்? ‘ஃபாஃப்சா’ எனும் அரசு நிதியுதவிப் படிவம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் போன்ற சிலருக்கும் உரியது. வெளிநாட்டு மாணவர்களிடம் பல கல்லூரிகள் ‘சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்’ கேட்கும். பெற்றோரின் வருமானம், சேமிப்பு, வீடு, கடன் எல்லாவற்றையும் அதில் காட்ட வேண்டும்.

● ‘எர்லி டிசிஷன்’ முறையில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாமா? இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். கிடைக்கும் உதவி உண்மையிலேயே போதாவிட்டால் விலகிக்கொள்ள வழியுண்டு. ஆனால், பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு போய்விடும்.

● விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியவில்லையா? பல கல்லூரிகள் விலக்கு தருகின்றன. தயங்காமல் கேளுங்கள், கேட்பதால் பொதுவாகச் சேர்க்கை பாதிக்கப்படாது.